ஒரே ஒரு கரண்டி

குண்டு நாய்களுக்குப் பத்தியச் சாப்பாடு சமைத்து விற்கப் போகிறேன் என்று சொன்னபோது என் கணவர் சிரித்த சிரிப்பில், குடித்துக்கொண்டிருந்த காபி அவருக்கு மூக்கில் ஏறிவிட்டது. மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். "நம்ம வீட்ல மனுஷனுக்கே டயட் கிடையாதே" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று மாலையே தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் இருபது பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கி வந்தேன்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. சேலையூர் பக்கம் வீடுகள் எழும்பிக்கொண்டே இருந்தன. வீட்டுக்கு ஒரு நாய், நாய்க்கு மிஞ்சிய தயிர்சாதமும் நெய் தோசையும் பிஸ்கட்டும். எங்கள் வீட்டு நாயும் அப்படி உருண்டு கிடந்ததுதான். கோதுமை ரவை, சுரைக்காய், கேரட், தோல் நீக்கிய கோழி எல்லாவற்றையும் உப்பில்லாமல் வேகவைத்துக் கொடுத்து, ஆறே மாதத்தில் அதைத் தெருக்கோடி வரை ஓடவைத்தேன். அதைப் பார்த்த கால்நடை டாக்டர்தான் முதல் வாடிக்கையாளரை அனுப்பினார். "இவனை இளைக்க வச்சுக் காட்டுங்க, என்கிட்ட வர்ற எல்லாரையும் உங்ககிட்ட அனுப்பறேன்" என்றார்.

அந்த வாடிக்கையாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வீடு ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. மழைக்குத் தண்ணீர் ஏறும் என்பதால் ஆறு படி உயர்த்திக் கட்டியிருந்தார். அவருடைய லாப்ரடாரால் அந்த ஆறு படியை ஏற முடியவில்லை. கீழே கார் ஷெட்டிலேயே கிடந்தது. பக்கத்தில் ஒரு கட்டில். யாருடையது என்று கேட்டேன்.

"என்னோடதுதாம்மா. என் மிசஸ் வளர்த்த புள்ளை. அவன் கீழ, நான் மேலன்னு இருக்க மனசு வரல" என்றார். "ஐப்பசி மழைக்குள்ள ஏறிட்டான்னா போதும். ஷெட்ல முழங்கால் அளவு தண்ணி நிக்கும்."

அப்போது ஆடி மாதம். அதெல்லாம் ஜோராக ஏறிவிடும் சார் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வாய்க்கு என்ன, சொல்லிவிடும்.

தினமும் காலை ஸ்கூட்டியில் டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சனிக்கிழமைகளில் அரிசிக் கடைத் தராசில் நாயை நிறுத்தி எடை பார்த்தோம். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிடும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அரைக் கிலோ கூடியிருந்தது. கடைக்காரர் மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் சமையலில் குறை இருக்க வாய்ப்பே இல்லை. "சார், நீங்க ஏதாவது குடுக்கறீங்களா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன். "இல்லம்மா. பிஸ்கட் டின்னையே பக்கத்து வீட்ல குடுத்துட்டேன்" என்றார் பாவம். நான் நம்பவில்லை. அடுத்து மாட்டியது மீன்காரம்மா. கோவளம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வந்து எங்கள் தெருக்களில் விற்பவர். வாசலில் நிறுத்தி, அந்த நாய்க்கு மீன் தலை போடுகிறாயா என்று விசாரணை நடத்தினேன்.

"இன்னாம்மா இது, பேஜாரா கீது. வாத்தியாரு மொத நாளே வேணாம்னுட்டாரு. நான் ஒரு செதிலு கூட போட்டதில்ல" என்றார். கோபத்தில் அன்று எனக்கு மீனே தரவில்லை.

மறுநாள் கோபம் தணிந்து வந்தார். பின்வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். நான் உள்ளே டப்பாவை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

"ஒரு டப்பாவுக்கு எத்தினி கரண்டிம்மா?"

"ஒண்ணுதான். டாக்டர் சொன்ன அளவு."

"அப்போ இப்போ இன்னாத்துக்கு ரெண்டாவது போட்டுகினு கீற?"

என் கையைப் பார்த்தேன். இரண்டாவது கரண்டி பாதி கவிழ்ந்திருந்தது. இலையில் ஒரு முறை மட்டும் சோறு வைத்து நிறுத்தக் கூடாது, பேருக்காவது இன்னும் கொஞ்சம் வைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். சிறுவயதிலிருந்து பந்தியில் பரிமாறிப் பழகிய கை, நாய்க்கும் அதே உபசாரத்தைச் செய்திருக்கிறது. அப்படியானால் எங்கள் நாய் எப்படி இளைத்தது? அதற்குத் தினமும் சாப்பாடு வைத்தது என் கணவர். கம்பெனியில் அளவு பார்த்தே பழகிய மனிதர். என் வெற்றியே அவருடையதுதான் என்று தெரிந்தபோது வந்த எரிச்சலை நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

அவமானமாக இருந்தது. அந்தக் கையோடு மீன்காரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். "இனிமே நானே போட்றேன், நீ தள்ளு." என் கம்பெனியின் முதல் ஊழியர் அப்படித்தான் வேலைக்குச் சேர்ந்தார். ஆசிரியரிடமும் போய், எங்கள் பந்தி வழக்கத்தைச் சொல்லி ஒப்புக்கொண்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்க பாத்த பார்வையில, தூக்கத்துல நானே எதையாவது போடறேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா."

அதன்பின் எடை இறங்கியது. ஆவணி முடிவில் நாய் ஒரு படி ஏறியது. புரட்டாசியில் மூன்று. நாலாவதில் முன்னங்காலை வைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்கும், அவ்வளவுதான். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. ஸ்கூட்டியைக் கேம்ப் ரோட்டிலேயே விட்டுவிட்டு, டப்பாவைத் தலைக்கு மேல் பிடித்தபடி தண்ணீரில் நடந்து போனேன். ஷெட்டில் முழங்கால் அளவு தண்ணீர். கட்டிலைக் காணோம், நாயையும் காணோம். "சார், சார்" என்று கத்தினேன்.

"மேல வாங்கம்மா" என்று குரல் கேட்டது.

ஆறு படிக்கு மேலே, வாசலை அடைத்தபடி நாய் படுத்திருந்தது. "தண்ணி காலைத் தொட்டதும் அவனாவே ஏறிட்டான்மா" என்றார். அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. கூடத்தில், மனைவியின் படத்துக்குக் கீழே, ஷெட்டில் கிடந்த கட்டில் போட்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நனைந்த புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அவர் டீயும், தட்டில் ஒரு துண்டு கேக்கும் கொண்டுவந்து வைத்தார். உள்ளே போனவர் இன்னொரு துண்டோடு திரும்பி வந்தார்.

"ஒண்ணோட நிறுத்தக் கூடாதாமே" என்றார்.

நாய் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டையும் சாப்பிட்டேன்.