இடம் மாறிய பஞ்சு

செல்லிப்பட்டுப் பக்கம் கிராம நர்ஸாக வேலை பார்க்கிறேன். கொரோனா தடுப்பூசி வந்தபோது, ஊரையே போட்டுக்கொள்ளச் சொன்ன நான் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் நர்ஸ்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த வதந்திகளைப் படித்துவிட்டுத் தள்ளிப்போட்டேன்.

ஆனால் முகாமில் எல்லோரும், "நீ போட்டுக்கினியா?" என்றே கேட்டார்கள். அதனால் கையில் பஞ்சை வைத்து பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு போனேன். "பாருங்க, எனக்கு ஒண்ணும் ஆகல!" என்றதும் பலர் கையை நீட்டினார்கள். கரும்பு வெட்டும் அஞ்சலை மட்டும், "நாளைக்கு வரேன்" என்று நழுவினாள்.

மறுநாளும் அவசரமாகப் பஞ்சை ஒட்டிக்கொண்டு ஓடினேன். அஞ்சலை வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா நர்சம்மா, நேத்து பீச்சாங்கையில இருந்த பஞ்சு இன்னிக்கு சோத்தாங்கைக்கு வந்துடுச்சி?"

"நர்ஸே போட்டுக்கல, நமக்கு எதுக்குடி?" என்று வரிசையே எழுந்துவிட்டது. வேறு வழியில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து, உடன் வந்த நர்ஸிடம் கையை நீட்டிக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"கைய வெறைச்சிக்காத, தளர்த்தி வுடு." நான் தினமும் சொல்வதை அஞ்சலை எனக்கே சொன்னாள். அடுத்த ஊசி அவளுக்குத்தான்.

எனக்கு ஒருநாள் காய்ச்சல் அடித்தது, அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் எனக்கான எந்தத் தடுப்பூசியையும் ஊர்ப் பெண்கள் முன்னால்தான் போட்டுக்கொள்கிறேன். அஞ்சலை குனிந்து பார்த்து, "உள்ள போயிடுச்சி, வாங்கடி" என்ற பிறகுதான் வரிசை நகர்கிறது.