சவரக்கத்திக்கு ஒரு தோல்வார்

என் கணவருக்குக் கோபம் வந்தால் பேச மாட்டார். எனக்கு வந்தால் வாய் ஓயாது. அதனால் எங்கள் வீட்டுச் சண்டையை எப்போதும் நான் ஒருத்தியேதான் போட வேண்டியிருக்கும். ஆனால் மில் எந்திரத்தில் வலக்கையின் இரண்டு விரல்கள் போன பிறகு அவர் வாய் திறக்காமல் இருந்தது கோபத்தால் அல்ல. புண் ஆறியும் அந்தக் கையைத் துண்டால் மூடியே வைத்திருந்தார். கட்டின பெண்டாட்டி எனக்கே காட்டவில்லை.

சனிக்கிழமைதோறும் வரும் நாவிதரையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். தாடி மண்டிப்போயிற்று. அந்தச் சமயம் பார்த்து அவர் தங்கைக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாமனார் இல்லாத வீடு. பெண்ணின் கையைப் பிடித்து மாதா கோயிலில் பீடம்வரை கூட்டிப்போக வேண்டியவர் இவர்தான்.

"சித்தப்பா கூட்டிட்டுப் போவட்டும். நான் வரல" என்றார்.

நாத்தனார் அடுப்படிக்கு வந்து அழுதாள். "அண்ணன் வரலன்னா எனக்குக் கல்யாணமே வேணாம் அண்ணி."

முதலில் முகத்தைச் சரிசெய்வோம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று முடிவு செய்தேன். மாமனார் சைகோனிலிருந்து கொண்டுவந்த சவரக்கத்தி பெட்டிக்குள் கிடந்தது. கடைத்தெருவில் சாணை பிடித்து வாங்கி வந்தேன். சாணை மட்டும் போதாது, தோலில் தீட்டாத கத்தி கன்னத்தைக் கிழித்துவிடும் என்று தெரியும். நாவிதர் தோல்வாரில் தீட்டுவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! பார்க்கும்போது எல்லாம் சுலபம்தான்.

குதிரை வண்டி ஓட்டும் என் அண்ணனிடம் போய் நின்றேன். குதிரையின் வயிற்றில் கட்டும் பழைய வார் ஒன்றைக் கொடுத்தான். ஒரே வியர்வை நாற்றம். சீயக்காய் போட்டுக் கழுவி, பெரிய கெட்டிக்காரியைப் போல ஓட்டின்மேல் வெயிலில் காயப்போட்டேன். சாயங்காலம் எடுத்தால் கருவாடாக விறைத்துக் கிடந்தது. திரும்ப ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, விளக்கெண்ணெய் தடவி, அம்மிக் குழவியில் சுற்றி இழுத்து இழுத்துப் பதப்படுத்தினேன். உள்ளங்கை எரிந்தது. கட்டிலில் படுத்தபடி அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஏன், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள், வாரின் ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டினேன். மறுமுனையை இடக்கையில் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பாகக் கத்தியை இழுத்தேன். கத்தியின் வாய் தோலில் இறங்கி ஒரு துண்டைச் சீவிக்கொண்டு வந்தது.

"அடியே, கத்தியோட முதுகு முன்னால போவணும்டி!" என்று கத்தினார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் உரக்கக் கேட்ட அவருடைய குரல்!

"படுத்துக்கிட்டே சொல்றவங்க எழுந்து வந்து புடிக்கறதுதானே" என்றேன். மறுபடி இழுத்தேன். எண்ணெய்ப் பிசுக்கில் வார் கையிலிருந்து நழுவித் தொய்ந்தது. கத்தி என் நெற்றிக்கு நேரே எழும்பியது.

அவர் எழுந்தே வந்துவிட்டார். கையை மூடியிருந்த துண்டு கட்டிலிலேயே கிடந்தது. வாரின் முனையை அந்த வலக்கை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு விறைப்பாக இழுத்தார். "ம், இப்ப தீட்டு. மெதுவா."

அன்றுதான் அந்தக் கையை முதன்முதலாகப் பார்த்தேன். பார்க்காதவள் போலத் தீட்டினேன். கண்ணீர் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தை நீட்டினார். நான் கத்தியை எடுத்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு இடத்தில் வெட்டு விழுந்தது, படிகாரம் வைத்தேன். தாடைக்குக் கீழே ஒரு திட்டு அப்படியே நின்றுவிட்டது. வேண்டாம், போதும் என்று இருவருமே விட்டுவிட்டோம்.

மறுநாள் தங்கையைப் பீடம்வரை அவர்தான் கூட்டிப்போனார். பூசை முடிந்து வெளியே வந்ததும் அவருடைய மாமன் மகன் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். "முசே துரைக்கு யாருய்யா சவரம் பண்ணது? ஆடு மேஞ்ச மாதிரி இருக்குது!"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை.

அவரும் சிரித்தார். சுட்டுவிரல் இல்லாத அந்தக் கையை அத்தனை பேர் நடுவில் உயர்த்தி, என்னைச் சுட்டிக் காட்டினார்.

"இவதான்."