பூரித்த கன்னமும் எரியும் காலும்

பிசியோதெரபி படித்துவிட்டு ஆரணியில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வெள்ளைக் கோட்டுக்குத் தினமும் நானே இஸ்திரி போடுவேன். அந்தப் பெருமையில்தான் ஏகாம்பரம் ஐயாவுக்கு அவசரப்பட்டுத் தப்பான பயிற்சி கொடுத்துவிட்டேன்.

அவர் பட்டு நெசவாளர். நாளெல்லாம் தறியில் உட்கார்ந்தாலும் வலி இல்லை. எழுந்து நடந்தால் பத்து வீடு தாண்டுவதற்குள் இரண்டு காலும் எரிந்து மரத்துவிடும். குனிந்து நின்றால் அடங்கும். கூன் விழுந்துவிட்டது என்று நினைத்து, முதுகை நிமிர்த்தும் பயிற்சி கொடுத்தேன். ஒரே வாரத்தில் வலி கூடிவிட்டது.

"பாப்பா, நீ சொன்னாப்ல நிமிர்ந்தா மொளகாத்தூள் தடவின மாதிரி எரிஞ்சிகினே கீது."

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். டிஸ்க் விலகவில்லை. முதுகெலும்புக் குழாய்க்குள் கொழுப்பு அதிகமாகச் சேர்ந்து நரம்புகளை நெருக்குகிறது என்று ரிப்போர்ட் வந்தது.

"காரணத்தைக் கண்டுபிடிக்கணும். குறையலன்னா ஆபரேஷன்தான்" என்றார் டாக்டர்.

ஐயாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. முதுகில் கத்தி வைத்தால் மறுபடி தறியில் உட்கார முடியுமா என்ற பயம். அவர் மனைவி காமாட்சி அம்மா நம்பவே இல்லை.

"கையும் காலும் குச்சி மாதிரி கீது. இவருக்கு ஏது பாப்பா கொழுப்பு?"

"என் மூஞ்சப் பாருடி" என்றார் ஐயா.

"ஆமா, மூஞ்சி மட்டும் புது மாப்பிள்ளதான். அந்த மூச்சு இளைப்பு மாத்திர ஆரம்பிச்சதுலேர்ந்து கன்னம் பூரிச்சிகினு எம்மாம் களையா கீறாரு!"

எனக்குச் சுருக்கென்றது. வேறு மாத்திரை உண்டா என்று முதல் நாளே கேட்டிருந்தேன். ஐயா இல்லை என்றிருந்தார். அம்மா சுருக்குப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். ஸ்டீராய்டு. ஐந்து நாளைக்கு எழுதிக்கொடுத்த பழைய சீட்டை வைத்தே மூன்று வருடமாக வாங்கியிருக்கிறார்கள். நாள்பட்டுச் சாப்பிட்டால் அது கொழுப்பைச் சேர்க்கும்; கன்னத்தில் சேர்ந்தது முதுகுக்குள்ளும் சேர்ந்திருந்தது.

"ஏங்கய்யா சொல்லல?"

"நீ வலி மாத்திரையக் கேக்கறன்னு நெனச்சேன். இத்த சாப்டா நல்லாத்தானே கீது."

முதுகுக்குள் கொழுப்பைச் சேர்த்ததே இந்த மாத்திரைதான் என்றேன். உடனே அட்டையை வாங்கிக் குப்பைக்கூடையில் போடப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன். "திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்துங்க. டாக்டர் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

டாக்டர் இளைப்புக்கு இன்ஹேலர் கொடுத்து, மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார். நான் குனிந்து செய்யும் பயிற்சிக்கு மாற்றினேன். மாதக்கணக்கில் ஆயிற்று. ஆபரேஷன் தேவைப்படவில்லை. ஒருநாள் வீட்டிலிருந்து நடந்தே வந்து நின்றார். "வழியில எங்கயும் குந்தல பாப்பா!"

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதோடு நிறுத்தாதீர்கள். எதைச் சாப்பிட்டால் உடம்பு நன்றாக இருக்கிறது என்றும் கேளுங்கள். சுகம் தருவதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.