மகளுக்காக நான் சொன்ன பதில்கள்

துடியலூரில் ஒரு மழலையர் பள்ளியின் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி இன்றும் நினைவிருக்கிறது. மூன்று, நான்கு வயதுக்காரர்களுக்காகச் செய்தது. முப்பதைத் தாண்டித் தொந்தியும் வைத்திருந்த நான், முழங்கால்கள் காதைத் தொட, அதில் உட்கார்ந்திருந்தேன். பள்ளியை நடத்திய மிஸ் என் மகளிடம் குனிந்து, "பேரென்னுங்க அம்மணி?" என்றார். நான் பெயரைச் சொன்னேன். "என்ன சாப்பிடப் புடிக்குமுங்க?" பருப்புச் சாதம் என்றேன். மிஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, பாப்பாவச் சேர்க்க வந்தீங்களா, நீங்க சேர வந்தீங்களா?"

நியாயமான கேள்வி. மகள் அதுவரை எங்கள் வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கோளாறு ஒன்றுமில்லை, நாலு பிள்ளைகளோடு பழகவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவிக்கு அது போதவில்லை. பிள்ளை இப்படியே இருந்துவிடுவாளோ என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். குழந்தை வளர்ப்பைப் பற்றி அரை அலமாரிப் புத்தகம் படித்திருந்த எனக்கு, வீட்டில் நடப்பது மட்டும் கண்ணில் படவில்லை. எங்களுடையது கூட்டுக்குடும்பம். இந்தப் பக்கத்து மரியாதைப்படி கைக்குழந்தையிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். "தண்ணி குடிக்கறீங்களா கண்ணு? குடிக்கறாங்களாமா, கொண்டாங்க" என்று கேள்வியும் பதிலும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்துவிடும். அவள் புருவம் சுருங்கினால் டம்ளர் வரும். இத்தனை சேவகர்கள் உள்ள மகாராணி எதற்காக வாய் திறக்க வேண்டும்?

சேர்த்துச் சில மாதங்கள் ஆயின. பள்ளியில் எழுத்து என்று ஒன்றும் சொல்லித்தரவில்லை. பிள்ளைகள் ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், மணலில் குழி பறித்தார்கள், ஊஞ்சலுக்கு வரிசையில் நின்று சண்டை போட்டார்கள். மகள் எதிலும் வாய் திறக்காமல் இருப்பதாகத்தான் கேள்வி. பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி வைத்திருந்த என் மாமனார் போனில் பொறுமையிழந்தார். "ஏனுங்க மாப்ள, இன்னும் ஒரு 'அ' கூட வரலீங்களே. தண்ணி ஊத்தறதுக்கு நம்ம தோட்டத்துல மோட்டார் இருக்குதுங்களே. பேசாம நிறுத்திப்போட்டு, எழுதச் சொல்லித்தர்ற பள்ளிக்கூடமாப் பாருங்க." வீட்டில் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கொஞ்சம் வேகமாகவே ஆட்டினேன்.

மறுநாள் அவளை நிறுத்திக் கூட்டிவரப் போனேன். மிஸ் வாதாடவில்லை. "செத்த நேரம் பாருங்க" என்று என்னை ஜன்னலோரம் நிறுத்தினார். உள்ளே, தண்ணீர்த் தொட்டியருகே, மகள் கையிலிருந்த நீலக் குவளையை ஒரு பையன் பிடுங்கிக்கொண்டான். எங்கள் வீடாயிருந்தால் அதற்குள் ஒரு பெருங்கூட்டமே எழுந்திருக்கும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா ஓரடி எடுத்துவைத்தார். மிஸ் கைகாட்டி நிறுத்தினார். என் வாய் தானாகத் திறந்தது. "வாய மூடுங்க" என்றார் மிஸ், அதிலும் மரியாதை குறையாமல். மகள் ஆயாவைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. உதடு துடித்தது.

"குடு."

பையன் திரும்பவில்லை.

"அது என்னுது. குடு."

"ஊத்திப்போட்டுத் தாரேன்" என்றான் அவன்.

"செரி. சீக்கிரம்."

அவன் ஊற்றினான். அவள் காத்து நின்றாள். கொடுத்தான். அவ்வளவுதான். கேட்பது, கிடைக்காமல் நிற்பது, மறுபடி கேட்பது, பேசி முடிப்பது, பிறகு நம்பிக் காத்திருப்பது. அலுவலகத்தில் நான் இன்னும் தட்டுத்தடுமாறுகிற பாடங்கள் இவை. பிள்ளைமேல் வைத்த அன்பினாலேயே எங்கள் வீட்டில் ஒருவராலும் இவற்றைச் சொல்லித்தர முடிந்திருக்காது. அதற்குக் குவளையைப் பிடுங்க ஒரு பையனும், குறுக்கே வராத ஒரு மிஸ்ஸும் வேண்டியிருந்தது. மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவள் பேச ஆரம்பித்தால் நாங்கள்தான் வரிசையில் நிற்கிறோம்.

அன்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். எதற்கு வந்தேன் என்று எனக்கே குழப்பமாக இருந்தது. மகள் என்னைப் பார்த்தாள். ஓடி வருவாள் என்று கையை நீட்டினேன். அவள் குவளையைத் தொட்டியில் முக்கி எடுத்தாள்.

"அப்பா, நீங்க போங்க. நான் அப்பறமா வாரேன்."

போனேன்.