படத்தின் இடது ஓரம்

காலை ஆறு மணி பத்து நிமிடம். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு வெள்ளைப் புள்ளி. காமிராவின் பின்புறம் இருக்கும் தேய்த்த கண்ணாடியில் எல்லாம் தலைகீழாக, இடவலம் மாறித்தான் தெரியும். கண்மாய் மேலே, வானம் கீழே. அந்தப் புள்ளி வலது மேல் மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. துணியை விலக்கிவிட்டு நேரில் பார்த்தேன். எதிரே முப்பது கஜத்துக்கு அப்பால், நீரோரத்தில், ஒரு பெண் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். பதினைந்து பதினாறு வயதிருக்கும். வெளுத்துப்போன சீலை.

உலகச் சண்டைக் காலம் அது. படம் பிடிக்கும் கண்ணாடித் தட்டுகள் கிடைப்பதே அரிதாகிவிட்டது. அன்று என் பையில் இருந்தது ஒரே ஒரு தட்டு. நான் சென்னையில் ஒரு வாரப் பத்திரிகைக்குப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துச் செய்திகளை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். செய்தியோடு அவ்வப்போது படமும் போகும். ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் இடங்களைப் பிடிப்பதில் எனக்குப் பித்து இருந்தது. குடுமியான்மலையில் பாறை இறங்கி உழவு நிலத்தில் புதையும் இடம், செம்மண் பொட்டல் முடிந்து முதல் முந்திரி மரம் நிற்கும் இடம் என்று தேடித் தேடி எடுத்திருக்கிறேன். கீரனூருக்கு இரண்டு மைல் தள்ளி இருந்த இந்தக் கண்மாயில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியதில், ஓரத்துச் சேற்றில் ஏழெட்டு வரிகள் ஒன்றையொன்று ஒட்டி விழுந்திருந்தன. வெயில் தாழ்ந்திருக்கும் பத்து நிமிடத்தில்தான் அந்த வரிகளுக்கு நிழல் உண்டு. அதற்காக முந்தின நாளே வந்து சத்திரத்தில் தங்கி, இருட்டோடு நடந்து வந்திருந்தேன்.

படத்தில் ஆள் இருக்கக் கூடாது. பத்திரிகை ஆசிரியர் இதைக் கடிதத்திலேயே எழுதியிருந்தார்: ஆள் இருந்தால் செய்திப் படம், ஆள் இல்லாவிட்டால்தான் இயற்கைப் படம்.

"ஏம்மா, கொஞ்சம் அங்கிட்டுப் போ!" என்று கையை வீசிக் கத்தினேன்.

அவள் நிமிர்ந்தாள். அரிவாளைக் கீழே போட்டாள். "அங்கிட்டா, இங்கிட்டாங்க?"

"அங்கிட்டு! அங்கிட்டு!"

இரண்டு எட்டு நகர்ந்து, சீலையை உதறிச் சரிசெய்து, கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நேராக நின்றாள். "இப்பச் சரியாங்க?"

மறுபடியும் கையை வீசினேன். அவள் தலையை ஆட்டினாள். "தெரியுங்க. ஆடக் கூடாது. எங்க அத்தாச்சி திருச்சியில போட்டோ புடிக்கப் போயி ஆடிப்புட்டு, மூஞ்சியே வரலைங்க. பிசாசாட்டம் வந்திருச்சு. நான் ஆட மாட்டேன். புடிங்க!"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கத்திக்கொண்டிருந்தால் நிழல் போய்விடும். அரை வினாடி திறந்து மூடினேன்.

"எப்பங்க தருவீங்க?" என்றாள்.

"பேப்பர்ல வரும்" என்றேன். முக்காலியை மடக்கிக்கொண்டு கீரனூருக்கு நடந்தேன்.

தட்டில் ஓர் ஆளை இல்லாமல் செய்வது அந்தக் காலத்தில் பெரிய வித்தை அல்ல. நெகடிவில் வெள்ளை கறுப்பாகத் தடித்து நிற்கும். அதைக் கூரான கத்தியால் சுரண்டினால் அடியில் கண்ணாடி வந்துவிடும். அந்த இடம் அச்சில் கறுத்துவிடும். மாறாக, கறுப்பான பொருள் நெகடிவில் வெறும் தெளிவாக இருக்கும். அதன்மேல் பிசின் தடவிப் பென்சிலால் நிரப்பினால் அச்சில் வெளுத்துவிடும். அவளுடைய சீலை சேற்றின் இருட்டுக்கு எதிராக இருந்தது, அதற்குக் கத்தி. முகமும் தலையும் பளபளக்கும் தண்ணீருக்கு எதிராக இருந்தன, அவற்றுக்குப் பென்சில். பூதக்கண்ணாடி வைத்து ஒரு பகல் முழுக்கச் செய்தேன். வேலை சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருக்கிறது என்று நானே மெச்சிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

படம் ஒரு மாதம் கழித்து வந்தது. அரைப் பக்கம். கீழே கண்மாயின் பேரும் போட்டிருந்தார்கள்.

அது வந்த மறு வாரம் ஒருநாள் காலையில் திருக்கோகர்ணத்தில் என் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். நாற்பது வயதுக்காரர். தலை மழித்திருந்தது. கீரனூர்த் தபாலாபீசில் விலாசம் கேட்டு வந்ததாகச் சொன்னார். இடுப்பு வேட்டியிலிருந்து எட்டாக மடித்த பத்திரிகைத் தாளை எடுத்து என் மேசைமேல் விரித்தார்.

"இது எங்க கம்மாங்க."

"ஆமாம்."

"எம் மக இதுல இருக்கணுமுங்க. பேப்பர்ல வரும்னு நீங்கதான் சொன்னீங்களாம்." படத்தின் இடது ஓரத்தில் விரலை வைத்தார். "இந்தக் கல்லு இருக்குல்ல, அதுக்கு இங்கிட்டு நின்னேன்னு சொன்னா. இந்த எடந்தாங்க. காணோம்."

விரல் சரியாக நான் கத்தி வைத்த இடத்தில் இருந்தது.

"வாத்தியார்ட்ட காட்டினேன். அவரு கண்ணாடியப் போட்டுப் பாத்துட்டு ஆளே இல்லப்பான்னுட்டாரு. எங் கண்ணுதான் அவிஞ்சு போச்சோன்னு நெனச்சேன். அவரு கண்ணும் அப்படித்தான் இருக்கு."

அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தார். பிறகு சொன்னார்: மகள் இறந்துவிட்டாள். காய்ச்சல். நான்கே நாள். அந்தக் கரையில் இருந்த ஐந்தாறு வீட்டிலும் காய்ச்சல். போனது இவள் மட்டும். நாளைக்குப் பதினாறாம் நாள்.

போட்டோ எடுத்தால் ஆயுள் குறையும் என்று அந்தப் பக்கத்தில் எல்லாரும் நம்பினார்கள். பழி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கே அது புரிந்திருக்க வேண்டும்.

"ஒங்களக் கொற சொல்ல வரலைங்க. அவ ஆத்தா கேக்குது. கன்னியா வச்சுக் கும்புடப் போறோம். பெட்டியில புதுச்சீல வச்சாச்சு, வளவி வச்சாச்சு. மூஞ்சி ஒண்ணு இருந்தா நல்லதுன்னு அழுவுது. வேற எங்கயும் அவ படம் இல்லீங்க. நீங்க புடிச்சதுதான்."

கல்யாணமாகாமல் இறக்கும் பெண்ணை வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவது அவர்கள் வழக்கம். அது எனக்குத் தெரியும். அதைப் பற்றிப் பத்திரிகைக்கு ஒரு தடவை எழுதியும் இருக்கிறேன்.

தட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனேன். ஜன்னல் வெளிச்சத்தில் தட்டைத் தூக்கிப் பிடித்தேன். அவள் நின்ற இடத்தில் கால் அங்குல உயரத்துக்கு வெறும் கண்ணாடி. அதன் வழியே எதிர்வீட்டு ஓடு தெரிந்தது. சுரண்டியது திரும்ப வராது. பென்சில் போகும். டர்பன்டைனில் பஞ்சை நனைத்து மேலே தொட்டுத் தொட்டு எடுத்தேன். பென்சில் கரைந்தது. கடுகளவுக்கு ஒரு தலை வந்தது.

அதைப் பெரிதாக்கும் கருவி என்னிடம் இல்லை. திருச்சியில் எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டுடியோவில் இருந்தது. "திருச்சிக்குப் போனால்தான் முடியும், இன்னைக்கே போகலாம்" என்றேன். சுரண்டியதைச் சொல்லவில்லை. பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிப் போய்ச் சேரப் பகல் ஒரு மணி. வழி முழுக்க அவர் தட்டு இருந்த பெட்டியை மடியில் வைத்திருந்தார். அதில் மகள் முழுசாக இருக்கிறாள் என்று நினைத்திருந்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இருட்டறையில் கருவியை உயர்த்தக்கூடிய மட்டும் உயர்த்தினோம். மருந்துத் தொட்டியில் போட்ட தாளில் மெல்ல முகம் எழும்பியது. ஓரணாக் காசு அளவு. மணல் தூவியது போலப் பொரிப்பொரியாக இருந்தாலும் கண், மூக்கு, வகிடு எல்லாம் இருந்தன. அவள் சொன்னபடி ஆடவில்லை. மோவாய்க்குக் கீழே கறுப்பு. அது முடியும் இடத்தில் சேறும் புல்லும் தொடர்ந்தன.

வெளியே கொண்டுவந்து, சொட்டச் சொட்ட அவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"அவதாங்க. கன்னத்தப் பாருங்க, உப்பியிருக்கு. மூச்சப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா. கம்மாயில முங்கப் போறப்ப இப்படித்தான் புடிப்பா, கழுத." பிறகு விரல் கீழே இறங்கியது. "கழுத்துக்குக் கீழ எங்கங்க?"

"நான் சுரண்டி எடுத்துட்டேன்."

"எதுக்குங்க?"

"ஆள் இல்லாத படம் கேட்டிருந்தாங்க."

"அப்ப எதுக்குங்க அவள ஆடாம நிக்கச் சொன்னீங்க?"

"நான் நிக்கச் சொல்லல. போகத்தான் சொன்னேன். அவளா நின்னா."

"எப்பத் தருவீங்கன்னு கேட்டாளாமே."

"கேட்டா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். படத்தையே பார்த்துக்கொண்டு, "போயிருன்னு வெளங்கச் சொல்லியிருந்தா போயிருப்பாளேங்க. சொன்னா கேக்குற புள்ளதான்" என்றார்.

ஸ்டுடியோக்காரர் தூரிகையோடு குறுக்கே வந்தார். விஷயம் அவருக்கு முழுக்கத் தெரியாது. "இதுக்கா கவலப்படுறீங்க? சீலைய வரைஞ்சிரலாம். என்ன கலர் வேணும்? அட்டிகை, ஜிமிக்கி எல்லாம் போட்டுத் தாரேன். இல்லாதவங்களுக்கெல்லாம் நான்தான் நகை போட்டு விட்டிருக்கேன். நாளைக்குச் சாயங்காலம் வாங்க."

"வேணாங்க. அவ போட்டதில்ல. கறுப்ப வெட்டிட்டு மூஞ்சிய மட்டும் குடுங்க."

"ஒரு மணி நேரம் தண்ணியில ஊறணும். இல்லாட்டி நாலு வருஷத்துல மஞ்சளாப் போயிரும்."

"கீரனூர் போற கடைசி பஸ் போயிருமுங்க."

கறுப்பு தொடங்கும் கோட்டில் நான்தான் கத்தரிக்கோலை வைத்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு துண்டு. மையொற்றும் தாளில் வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் என்று ஸ்டுடியோக்காரர் சொன்னதால், தகப்பனார் அதை இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்திக்கொண்டார். அப்படியே தெருவில் நடந்தார். அப்படியே பஸ்ஸில் ஏறினார். ஏறும்போது முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். உட்கார இடமில்லை.

கண்டக்டர் அதட்டினார். "யோவ், கையில என்னய்யா, விபூதியா? கம்பியப் புடி. விழுந்து தொலைக்காத."

"எம் மகங்க" என்றார்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். அப்புறம் முன் வரிசையில் ஒருவரைத் தட்டி எழுப்பி, இடத்தைக் காட்டினார். தகப்பனார் உட்காரவில்லை. ஜன்னலோரமாக, காற்றுப் படும்படி கையை நீட்டிக்கொண்டு நின்றார். பஸ் குலுங்கும்போதெல்லாம் நான் பின்னாலிருந்து அவருடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கீரனூரில் பஸ் நின்றபோது படம் காய்ந்திருந்தது.