கன்னத்துக் காற்று

பேண்டு வாத்தியக் குழுவில் காலமெல்லாம் ட்ரம்பெட் ஊதியவருக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் பம்பு. மூச்சே விடாமல் ஊதுவார். அதாவது, அப்படித் தோன்றும். கன்னத்தில் அடக்கிய காற்றை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் புதுக்காற்றை இழுத்துக்கொள்வதுதான் வித்தை. கல்யாணமான புதிதில் அதைச் செய்துகாட்டி மனைவியை மயக்கப் பார்த்தார். "தவளை மாதிரி இருக்கு" என்றாள் அவள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அந்த மனுஷனுக்கு இப்போது நாலு படி ஏறினால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. கால்கள் வீங்கின. இதயம் தளர்ந்துவிட்டது என்றார் மருத்துவர். ஆஸ்பத்திரியில் கட்டில்கள் குறைவு. யாரை உடனே சேர்ப்பது என்று தீர்மானிக்க அங்கே புதிதாக மூச்சுப் பரிசோதனை வைத்திருந்தார்கள்.

"நுரையீரலோட அடியிலேர்ந்து வர்ற மூச்சுதான் வேணும்" என்றாள் பரிசோதனைக்கூடத்துப் பெண். "இதயம் ரொம்பத் தளர்ந்தா அதுல சில வாயு கூடிடும். யாருக்கு ஆபத்து பக்கத்துல இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம். இந்தப் பைய நிரப்புங்க ஐயா. முடியலன்னா விட்டுடுங்க."

முடியலன்னா என்றது அவரைச் சுட்டது. அவருக்கு முன்னால் ஊதிய லாரி டிரைவர் பாதிப் பையிலேயே இருமிக்கொண்டு எழுந்து போயிருந்தார். பம்பு நிமிர்ந்து உட்கார்ந்தார். நெஞ்சில் தெம்பு ஏது? கன்னமும் மூக்கும் பழைய வேலையைப் பார்த்துக்கொண்டன. பை உப்பி நின்றது. வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"சூப்பர் ஐயா!" என்றாள் அந்தப் பெண்.

"எங்க போனாலும் கச்சேரிதானா?" என்று மனைவி முணுமுணுத்தாள். உள்ளுக்குள் அவளுக்கும் பெருமைதான்.

டிரைவருக்குக் கட்டில் கிடைத்தது. பம்புக்கு ஆபத்து குறைவு, வீட்டிலேயே மாத்திரை சாப்பிடலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் அதையே பீற்றிக்கொண்டார். கால் வீக்கம் ஏறுகிறதே என்று மனைவி சொன்னபோது எரிந்து விழுந்தார்.

"மிஷினே சொல்லிடுச்சு. நீ என்ன பெரிய டாக்டரா?"

அடுத்த வாரமே குளியலறைக் கதவைப் பிடித்தபடி சரிந்தார். ஸ்ட்ரெச்சரில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது எதிரே டிரைவர் துணிப்பையுடன் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நன்றாகத் தேறியிருந்தார். அவரைப் பார்க்க மனைவிக்கு வயிறு எரிந்தது.

"ஒரு வாரம் முன்னாடியே சேர்த்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்மா" என்றார் மருத்துவர்.

பரிசோதனைக்கூடத்துப் பெண் மறுபடியும் பையோடு வந்தாள். அவர் கன்னம் இப்போது எதையும் பிடித்து வைக்கவில்லை. அடி நெஞ்சிலிருந்து வந்த கொஞ்சம் மூச்சில் பை கால்வாசிகூட நிரம்பவில்லை. இயந்திரத்தில் வாயு அளவு எகிறியதைப் பார்த்து அவள் திகைத்தாள்.

"போன தடவை எப்படி ஊதினாரு?"

மனைவி தன் கன்னத்தை உப்பி, மூக்கால் இழுத்துக் காட்டினாள். அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போனது.

"ஐயோ, அது வெறும் வாய்க்காத்தும்மா."

சூப்பர் என்றவளையும் ஊதியவரையும் சேர்த்து நாலு அறை விடலாம் போலிருந்தது மனைவிக்கு. கை எழவில்லை.

"இன்னிக்குத்தான் சரியா ஊதியிருக்காரு" என்றாள் அந்தப் பெண், மெதுவாக.

அது அவர் காதில் விழுந்தது. பாராட்டுகிறார்கள் என்று நினைத்து, கண்ணைத் திறக்காமலே சிரித்தார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா, சூப்பரா ஊதுனீங்க" என்றாள்.