இரண்டு பல்கலைக்கழகங்களும் ஒரு கூஜாத் தண்ணீரும்

பத்திரிகை ஏஜென்டிடம் ஜனங்கள் வாங்குவது பத்திரிகை. கேட்பது பத்திரிகையில் இல்லாத சங்கதி. நான் சங்கரன்கோவிலில் ஏஜென்டாகவும் உள்ளூர் நிருபராகவும் இருந்தவன். பல்வலிக்கு எந்த டாக்டர், அடுத்த வாரம் மழை உண்டா, பெண்ணுக்கு எந்த ஊரில் வரன் பார்க்கலாம், எல்லாம் என் கடை வாசலில் கேட்கப்படும். "பேப்பர்காரருக்குத் தெரியாமலா இருக்கும்?" என்ற ஒரே நம்பிக்கைதான். இந்தத் தொழிலைப் பார்த்தவர்கள் இப்போதே தலையாட்டியிருப்பீர்கள்.

பட்டப்படிப்புக்கு முந்தின இன்டர்மீடியட் பரீட்சை முடிவு வந்த பிறகு ஒரு மாதத்துக்கு ஒரே கேள்வி: எந்த யுனிவர்சிடி? மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சி என்று தனி ராஜ்யம் இருந்த காலம். எங்கள் ஸ்டேஷனில் மேற்கே போகிற வண்டியில் ஏறினால் செங்கோட்டை தாண்டித் திருவனந்தபுரம். எதிர்த்திசை வண்டியில் ஏறினால் விருதுநகர், மதுரை, திருச்சி வழியாகச் சிதம்பரம். இரண்டு ஊரிலும் பல்கலைக்கழகம் உண்டு. நான் இரண்டிலும் படித்ததில்லை. அதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை.

முதல் வகுப்பு

அந்த வருஷம் ரிசல்ட் நம்பர்கள் வந்த பத்திரிகைக் கட்டை நான் பிரிப்பதற்கு முன்பே கடை வாசலில் ஒரு பெண் நின்றாள். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சங்கரலிங்கத்தின் மகள் கோமதி. பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்து படித்தவள். அவள் அப்பாவை நான் அண்ணாச்சி என்பேன். அவள் என்னைச் சித்தப்பா என்பாள். தன் நம்பரை முதல் வகுப்பில் தேடினாள். மற்ற வகுப்புகளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இருந்தது.

கணக்கில் ஆனர்ஸ் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ராயகிரியில் இருந்த அவள் அத்தைக்கு வேறு ஆசை. மகனுக்குக் கோமதியைக் கேட்டு ஆவணியில் முகூர்த்தமும் பார்த்து வைத்திருந்தாள். அண்ணாச்சியோ தமக்கையிடம் "பார்ப்போம்" என்றார், மகளிடமும் "பார்ப்போம்" என்றார். சென்னையை மட்டும் சினிமாக்காரர்கள் இருக்கிற ஊர் என்று முதல் நாளே தள்ளிவிட்டார். மிச்சம் இரண்டுக்கும் கோமதியே விண்ணப்பம் வரவழைத்துப் பூர்த்தி செய்துவிட்டாள். அப்பாவின் கையெழுத்துதான் பாக்கி. "ரெண்டில் உனக்கு எதும்மா பிடித்திருக்கு?" என்று கேட்டேன்.

"எது முதல்ல கதவைத் திறக்குதோ அது, சித்தப்பா."

எல்லை கேட்டவர்

அண்ணாச்சியை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இருபது வருஷமாக வயல் வரப்பில் நடந்து, எது நஞ்சை, எது புஞ்சை, எது புறம்போக்கு என்று எழுதி வந்தவர். எதையும் நான்கு எல்லை தெரியாமல் நம்பமாட்டார். பெண் பார்க்கப் போன வீட்டில், பெண்ணைப் பார்ப்பதற்கு முன் கொல்லைப்புறம் எதுவரை என்று கேட்டவர் என்று அவர் மனைவியே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

கோமதி கொண்டுவந்து காட்டிய பல்கலைக்கழகப் புத்தகங்களை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடினார். பாடம் இருக்கிறது, வாத்தியார் பெயர் இருக்கிறது, எல்லை எங்கே என்றார். கடைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். நான் செங்கோட்டையில் கட்டிக்கொடுத்த தங்கையைப் பார்க்கப் போகிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அப்படியே திருவனந்தபுரம். அடுத்த வாரம் திருச்சியில் ஏஜென்டுகள் கூட்டம் என்பதும் தெரிந்திருந்தது. அப்படியே சிதம்பரம்.

"நீரு நிருபர். கண்ணால பாத்ததைத்தான் எழுதுவீரு. ரெண்டு இடத்தையும் சுத்திப் பாத்து நாலெல்லை சொல்லும். ஒண்ணு தேறிச்சுன்னா கையெழுத்துப் போடுதேன். ரெண்டும் தேறலைன்னா ஆவணிதான்வே."

வடக்கே ஒரு புலி

திருவனந்தபுரத்தில் நான் இருந்த இரண்டு நாளும் மழை. குடையோடு சுற்றினேன். திரும்பி வந்து அண்ணாச்சி வீட்டு முன்னறையில் உட்கார்ந்தேன். அவர் நோட்டைப் பிரித்தார். மண் என்ன என்றார். சரளை கலந்த செம்மண் என்றேன். எழுதிக்கொண்டார். தெற்கே? கோட்டை, கோயில். தலையாட்டினார். மேற்கே? வெகு தூரம் தள்ளிக் கடல். கிழக்கே? வீடுகளும் தென்னந்தோப்பும். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நிருபர் புத்தி, ஒன்றையும் விடக்கூடாது என்று, "வடக்கே கொஞ்சம் தள்ளி மிருகக்காட்சி சாலை" என்றேன்.

பேனா நின்றது. "புலி இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி. கூண்டுக்குள்ள."

"அப்பா, புலிக்கெல்லாம் அட்மிஷன் கிடையாதுப்பா" என்றாள் கோமதி, கதவுக்குப் பின்னால் இருந்து. அண்ணாச்சி திரும்பவில்லை. கூண்டு இரும்பா என்றார். இரும்பு என்றேன். பூட்டு உண்டா? உண்டு. அதற்கென்று ஆள் இருக்கிறான், சர்க்கார் சிப்பந்தி என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சர்க்கார் சிப்பந்திகளைப் பற்றி அவருக்கு என்னைவிட அதிகம் தெரியும்.

"அவன் லீவு போட்டா யாருவே பூட்டுதா?"

மழை

திருவனந்தபுரம் போனது முழுக்க வீண் என்று சொல்ல முடியாது. எங்கள் ஊருக்குக் கிழக்கே, திருவேங்கடம் என்ற ஊரை ஒட்டிய கரிசல் காட்டிலிருந்து ஒரு நாயக்கர் வந்தார். மகன் இன்டர் தேறியிருந்தான். எங்கே அனுப்பலாம் என்று அவரும் கேட்டார். நான் இந்தத் தடவை புத்தியாக, பாடத்தையும் லைப்ரரியையும் மட்டும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பார்வை மட்டும் கடை மூலையில் விரித்து வைத்திருந்த என் குடைமேல் இருந்தது. அது இன்னும் காயவில்லை.

"இது எந்த ஊர்ல நனைஞ்சது?" என்றார். சொன்னேன். இரண்டு நாளுமா என்று கேட்டார். இரண்டு நாளும் விடாமல் என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். மூன்று வருஷமாக அவர் நிலத்தில் விதைத்தது முளைக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"மகன் அங்கனயே படிக்கட்டும் அய்யா. வீட்டுல ஒருத்தனாவது மழையைப் பாத்துட்டு வரட்டும்."

குற்றாலத்துக்குப் போனவர்கள்

திருச்சிக்குப் புறப்படும் அன்று அண்ணாச்சியின் மனைவி ஒரு பித்தளைக் கூஜாவைக் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரு ஊரை எடை போடுவது தண்ணீரை வைத்து. தண்ணீரை எடை போடுவது துவரம்பருப்பை வைத்து. பருப்பு மலர்ந்து வெந்தால் நல்ல தண்ணீர். வேகாவிட்டால், அந்த ஊரில் பிள்ளைகளை விடமாட்டார்கள். "ஒரு கூஜா கொண்டாங்க கொழுந்தனாரே. போட்டுப் பாத்துருவோம்" என்றாள் மதினி. அண்ணாச்சியின் முகம் தெளிந்தது. இந்த யோசனை தமக்கு வராமல் போயிற்றே என்ற ஆதங்கமும் அதில் தெரிந்தது.

சிதம்பரத்தில் ஹாஸ்டல் பக்கத்துக் குழாயிலேயே பிடித்தேன். மூடியைத் திருகி, துண்டால் சுற்றி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். விருதுநகரில் வண்டி மாறினபோது ஒரு மதுரைக் குடும்பம் என் எதிரில் ஏறியது. புருஷன், மனைவி, நான்கு பிள்ளைகள். குற்றாலம் சீசனுக்குப் போகிறார்கள். கடைசிப் பிள்ளை தண்ணீர் தண்ணீர் என்று அழுதது. அந்த அம்மாள் கூஜாவைப் பார்த்தாள். இது பருப்பு வேகவைக்க வைத்திருக்கும் தண்ணீர் என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? கொடுத்தேன். அடுத்த பிள்ளை கை நீட்டியது. அதற்கடுத்தது. அருவியில் குளிக்கப் போகிறவர்களுக்கு அவ்வளவு தாகம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் புருஷன் அண்ணாந்து, கவிழ்த்து, உதறி மூடினார். கூஜாவை என்னிடம் நீட்டியபடி அந்த அம்மாள் சொன்னாள்:

"தேனா இருக்குண்ணே. எந்த ஊருத் தண்ணி?"

ரயில்வே புறம்போக்கு

சங்கரன்கோவிலில் இறங்கினால், கேட்டருகே அண்ணாச்சி ஆபீஸ் பியூன் கூஜாவுக்காகவே நிற்கிறான். பிளாட்பாரக் கோடியில் ஒரு கைப்பம்பு இருந்தது. சுத்த உப்புத் தண்ணீர். எங்கள் ஊரில் சமையலுக்கு வெளியிலிருந்து வண்டியில் வரும் நல்ல தண்ணீர் வேறு. இது கால் கழுவுகிற தண்ணீர். வேறு வழி தெரியவில்லை. நாலு அடி அடித்து நிரப்பினேன். பியூன் வாங்கிக்கொண்டு போனான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன்.

சொல்ல விட்டால்தானே? நோட்டு தயாராக இருந்தது. "சிதம்பரம். மேற்கே?" ரயில் பாதை, அதற்கப்பால் ஊர், கோயில். "கிழக்கே?" வயல். "வடக்கே?" வயல். "தெற்கே?" அங்கேயும் வயல்தான் அண்ணாச்சி, வாய்க்கால் பாசனம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வானம் பார்த்த பூமியை அளந்தே வயதான மனிதர். பாசனம் என்ற சொல் அவரை என்னவோ செய்தது. மிருகம் உண்டா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார். மாடு என்றேன். விண்ணப்பம் மறுநாள் தபாலில் போனால்தான் கடைசித் தேதிக்குள் போய்ச் சேரும். தண்ணீரைப் பற்றி வாயைத் திறந்தால் "மறுபடி போயிட்டு வாரும்" என்பார். அதற்குள் தேதி போய்விடும். வாயைத் திறக்காவிட்டால் பருப்பு வேகாது. இரண்டு வழியிலும் ஆவணி நின்றது. அவரோ நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு பக்கம் நஞ்சை, ஒரு பக்கம் ரயில்வே புறம்போக்கு. என் சர்வீஸ்ல இப்படி ஒரு சர்வே நம்பரைப் பாத்ததில்லைவே. இனி தண்ணி ஒண்ணுதான்."

சாட்சி

மறுநாள் காலை என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டனுப்பினார். முன்னறையில் பாக்கெட் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். மேஜையில் விண்ணப்பம், பேனா. அடுக்களையில் கோமதி அடுப்பு மூட்டியிருந்தாள். மதினி பருப்பைக் களைந்து கொடுத்துவிட்டு எங்களோடு வந்து உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கெடு.

அந்த அரை மணியில் நான் பேசியது எதுவும் நினைவில்லை. எனக்கு வேர்த்தது. அண்ணாச்சி விசிறியை என் பக்கம் தள்ளினார். அந்தப் பெண்ணின் படிப்பை நான்தான் ரயிலில் நாலு பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. கெடு முடிந்தது. கோமதி கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். பருப்பு முழுசாக ஒன்றுகூட இல்லை; வெண்ணெயாகக் கரைந்திருந்தது. அண்ணாச்சி ஒரு துளியை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். முகர்ந்தார். மகளைப் பார்த்தார். என்னையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, தாசில்தாருக்குப் போடுகிற அதே பெரிய கையெழுத்தைப் போட்டார். எனக்கு மூச்சு வந்தது, விளக்கம் வரவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுக்களைக்குள் போனேன். கோமதி சாம்பலைத் தள்ளிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

"கூஜாவைத் திறந்து வாயில ஊத்திப் பாத்தேன் சித்தப்பா. நம்ம ஸ்டேஷன் பம்பு எனக்குத் தெரியாதா? ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை போதும்னு பாத்தேன், ரெண்டாப் போட்டுட்டேன்."

ராயகிரிக்காரி

இடம் கிடைத்துக் கோமதி சிதம்பரம் புறப்பட்ட அன்று, அவளை ரயிலேற்றிவிட நானும் போயிருந்தேன். டிரங்குப் பெட்டி, படுக்கைச் சுருள், ஊறுகாய் ஜாடி. வண்டி வரக் கால் மணி இருக்கும்போது ராயகிரி அத்தை வந்து சேர்ந்தாள். தம்பி அரசாங்க உத்தியோகஸ்தர் என்ற மரியாதையெல்லாம் அவளிடம் கிடையாது. "ஏலே சங்கரலிங்கம், எம் மவனுக்கு என்னலே குறைச்சல்?" என்று பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தாள். நாள் பார்த்ததைச் சொன்னாள். தங்களைப் பெற்ற அம்மா உயிரோடு இருந்திருந்தால் இப்படி நடக்குமா என்றாள். கோமதி ஊறுகாய் ஜாடியின் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். அப்பா மனசு மாற இன்னும் கால் மணி இருக்கிறதே என்று எனக்கும் பயம்தான்.

அண்ணாச்சி தமக்கையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. அன்றும் பேசவில்லை. கையை விரித்தார். தோற்றுப்போன மனிதரின் குரல். ஆனால் முகம் அப்படி இல்லை. இந்த ஒரு பதிலுக்காகத்தான் அந்த நோட்டும் நாலெல்லையுமோ என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

"உன் மகனுக்கு ஒரு குறையும் இல்லக்கா. ஆனா சிதம்பரத்துல மூணு பக்கம் நஞ்சை, அரை மணியில பருப்பு கரையுது. சாட்சியும் இந்தா நிக்காரு. சர்க்கார் உத்தியோகஸ்தன், கண்ணால பாத்ததை இல்லைன்னு நான் எப்படிச் சொல்லுதது?"

இத்தனை வருஷம் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பியதில் யாருக்கும் எதுவும் ஆனதாக எனக்குத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு ஒரே ஒரு நாள் பொய்ச்சாட்சியாக உட்கார்ந்ததில் எங்கள் ஊருக்கு ஒரு கணக்கு வாத்தியாரம்மா கிடைத்தாள்.